மருத்துவ மாணவர்களுக்கு மென்ட்டராக இருப்பது எப்படி: நீலகிரியில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டீன் அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். அதில் உங்கள் பெயருக்கு நேரே ஏழெட்டு மாணவர்களின் பெயர் இருக்கும். இனி அவர்களுக்கு நீங்கள்தான் மென்ட்டர், அதாவது வழிகாட்டி. பெரும்பாலான புது ஆசிரியர்கள் அன்றே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். அந்த வாரமே எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து அரை மணி நேரம் பேசி, போட்டோ எடுத்துக் கோப்பில் வைப்பார்கள். அத்தோடு சரி, கல்லூரியைப் பார்வையிட அடுத்த ஆய்வுக் குழு வரும்வரை யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

அக்கறை இல்லாமல் இப்படி ஆவதில்லை. எதை முதலில் பேசுவது என்று தெரியாமல், எடுத்த எடுப்பிலேயே பி.ஜி. (மேற்படிப்பு) சீட்டைப் பற்றிப் பேசுவதால் ஆகிறது. வந்து இறங்கிய பிள்ளைக்குக் குளிரில் ராத்திரி தூக்கம் வரவில்லை. நாம் ஐந்தாறு வருடம் கழித்து எழுதப்போகும் தேர்வுக்கு அறிவுரை சொல்கிறோம். முதலில் தங்குவதும் சாப்பாடும், அப்புறம் படிப்பு, அப்புறம் நோயாளி, கடைசியில்தான் எதிர்காலம். கீழே உள்ளதும் அதே வரிசையில்தான்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 150 பேர் சேர்கிறார்கள். பழைய கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக சீனியர்கள் காதில் போட்டுவிடும் பல விஷயங்களை இங்கே மென்ட்டர்தான் சொல்லியாக வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, மாணவருக்கு ஒரு பக்கம். கைபேசியில் எழுதி வைக்காதீர்கள். அது தொலையும், குழந்தைகள் கையில் போகும், தவறான குழுவுக்கு ஃபார்வர்டும் ஆகும்.

மூன்று தொடர்பு எண்கள்: ஹாஸ்டல் வார்டன், மனநலத் துறையில் உடனே பேசக்கூடிய ஒரு மருத்துவர், ராகிங் தடுப்புக் குழுவில் ஒருவர். பிரச்சினை வந்த இரவில் இவற்றைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது விதிகள். தியரியில் 75 சதவீதம், பிராக்டிகலில் 80 சதவீதம் வருகை இல்லாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது. இன்டர்னல் (கல்லூரியே நடத்தும் தேர்வு) மதிப்பெண்ணில் தியரியும் பிராக்டிகலும் தனித்தனியே 40, சேர்த்து 50 சதவீதம் வேண்டும். முதலாண்டுத் தேர்வுக்கு மொத்தம் நான்கு வாய்ப்புகள். முழுப் படிப்பையும் ஒன்பது ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் அவ்வப்போது விதிகளைத் திருத்துகிறது. 2019 பேட்ச்சுக்கு இருந்தது அப்படியே இப்போதும் இருக்கும் என்று நினைத்து வாயால் சொல்லிவிடாதீர்கள். அந்தந்த பேட்ச்சுக்குரிய அறிவிப்பை எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

கடைசியாக, வாரத்தில் ஒரு மணி நேரம். கிழமையும் நேரமும் மாறாத ஒரு மணி நேரம். "எப்ப வேணும்னாலும் வாங்க" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். புதன்கிழமை நாலு மணி என்று சொன்னால் வருவார்கள்.

2. முதல் சந்திப்பு: தனித்தனியாக, வெயிலில்

எல்லோரையும் கூட்டாகப் பார்ப்பது இரண்டாம் முறைக்கு. முதல் முறை ஒவ்வொருவராகத்தான். கூட்டத்தில் நன்றாகப் பேசுகிற ஒன்றிரண்டு பேரைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள். உங்களுக்கு அவசியமாகத் தெரிய வேண்டியவர் பின் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்.

இடமும் முக்கியம். டிபார்ட்மென்டில் மற்ற ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் எந்த மாணவரும் வாய் திறக்க மாட்டார். வெயில் அடிக்கும் படிக்கட்டோ, கேன்டீன் வெளித் திண்ணையோ போதும்.

வெயில் என்று சும்மா சொல்லவில்லை. நீட் கலந்தாய்வு முடிந்து மாணவர்கள் வந்து சேர்வது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. அது முடிந்ததும் உறைபனி. ராமநாதபுரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஒரு மெல்லிய போர்வையோடு 2,240 மீட்டர் உயரத்துக்கு வந்து இறங்குகிறார்கள். துணி காயாது, உதடு வெடிக்கும், காலையில் எழ முடியாது. முதல் வகுப்புக்கு வராத பையனை நாம் சோம்பேறி என்கிறோம். அவன் இரவு இரண்டு மணி வரை குளிரில் விழித்திருந்தவன்.

ஆகவே முதல் கேள்விகள் இப்படி இருக்கட்டும்: எந்த ஊர், வீட்டில் யார் யார், எந்த மீடியத்தில் படித்தாய், ரூமில் எத்தனை பேர், மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, கம்பளி இருக்கிறதா, வெந்நீர் வருகிறதா. கம்பளி இல்லையென்றால் பொட்டானிக்கல் கார்டன் பக்கத்துத் திபெத்தியர் கடைகளைக் கைகாட்டுங்கள், பேரம் பேசத் தெரிந்த ஒரு சீனியரோடு அனுப்புங்கள். பாதி மென்ட்டர்ஷிப் அதிலேயே நடந்துவிடும்.

கேட்கக் கூடாதவை: நீட் மார்க், சாதி, எந்த இடஒதுக்கீட்டில் வந்தாய் என்பது. 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். "நீ செவன் பாயின்ட் ஃபைவா?" என்ற ஒரு கேள்வி போதும், அந்தப் பிள்ளை உங்கள் முன்னால் இனி எதையும் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளாது.

3. எல்லையை அன்றே சொல்லிவிடுங்கள்

எது உங்களோடு நிற்கும், எது நிற்காது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். குடும்பச் சண்டை, பணக் கஷ்டம், காதல், மதிப்பெண் பயம் எல்லாம் உங்களைத் தாண்டிப் போகாது. உயிருக்கு ஆபத்து, ராகிங், பாலியல் தொல்லை இந்த மூன்றும் உரியவர்களிடம் போயே தீரும். பின்னால் இதைச் சொன்னால் நம்பிக்கைத் துரோகமாகத் தெரியும்.

அப்புறம் சில்லறை விஷயங்கள், ஆனால் இவற்றில்தான் பெயர் கெடும். மாணவருக்குக் கடன் கொடுக்காதீர்கள். உதவித்தொகைக்கோ, பழைய மாணவர்கள் நிதி இருந்தால் அதற்கோ வழி காட்டுங்கள். உங்கள் வீட்டு வேலை, கிளினிக் வேலை, காரை சர்வீஸுக்கு விடுவது எதற்கும் அவர்களைக் கூப்பிடாதீர்கள். தனியாகப் பேசும்போது கதவு திறந்திருக்கட்டும். இரவு ஒன்பதுக்கு மேல் அவசரம் தவிர போன் கிடையாது என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளுங்கள்.

4. படிப்பு: "நல்லா படி" என்பதை விட்டுவிட்டு நோட்டைப் பாருங்கள்

முதல் இன்டர்னல் முடிந்த ஒரு வாரத்துக்குள் மார்க்கோடு உட்கார வேண்டும். தள்ளிப்போனால் மாணவர் அதற்கு ஒரு சமாதானம் தயாரித்து வைத்திருப்பார், அதை அவரே நம்பவும் தொடங்கியிருப்பார்.

மொத்த மார்க்கைப் பார்க்காதீர்கள், பிரித்துப் பாருங்கள். தியரியில் குறைவு, பிராக்டிகலில் பரவாயில்லை என்றால் எழுத்தில் கோளாறு, பெரும்பாலும் ஆங்கிலம். தியரி நன்றாக இருந்து வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சரிந்தால் பயம். இரண்டும் குறைவு, வருகையும் குறைவு என்றால் படிப்பில் தேடிப் பயனில்லை, மீண்டும் இரண்டாம் பகுதிக்குப் போங்கள்: தூக்கம், ரூம், வீடு. ஒரே ஒரு பாடத்தில் மட்டும் குறைவு என்றால் அந்தத் துறை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை பேசினாலே பாதி தீரும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களிடம் இதைச் செய்து பாருங்கள். தோள்பட்டை மூட்டை விளக்கச் சொல்லுங்கள், தமிழில். எந்தத் தசை எங்கே ஆரம்பித்து எங்கே ஒட்டுகிறது, எந்த நரம்பு, மூட்டு ஏன் எளிதில் நழுவுகிறது எல்லாம் சரளமாக வரும். அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நாலு வரியில் நின்றுவிடும், அதுவும் மனப்பாடம் செய்த நாலு வரி. அந்த மாணவருக்குப் பாடம் தெரியும். வாக்கியம்தான் வரவில்லை. அவரை இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படிக்கச் சொன்னால் இன்னும் இரண்டு மணி நேரம் மனப்பாடம்தான் செய்வார்.

இதற்கு வாரம் ஒரு ஐந்து மார்க் கேள்வி போதும். கையால் எழுதி எடுத்து வர வேண்டும். வரையறை, படம், படத்தில் பெயர்கள், நோயோடு ஒரு தொடர்பு: இந்த நாலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இலக்கணப் பிழையைச் சிவப்பில் சுழிக்காதீர்கள். சுழித்தால் அடுத்த வாரம் தாள் வராது.

வைவா பயத்துக்கு மருந்து வைவாதான். உங்கள் அறையில் மூன்று நிமிடம், எதிரே நின்றபடி, ஒரு எலும்பையோ ஸ்லைடையோ கையில் கொடுத்துக் கேளுங்கள். முதல் கேள்வி அவருக்குக் கட்டாயம் தெரிந்ததாக இருக்கட்டும். தெரியாத கேள்விக்கு "தெரியவில்லை சார்" என்று நிமிர்ந்து சொல்லவும் பழக்குங்கள். நோயாளி முன்னால் தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிற டாக்டர், மாணவப் பருவ வைவாவில் உருவானவர்தான் என்பது என் கருத்து.

5. வருகைக் கணக்கும் மலைப்பாதையும்

மாதக் கடைசியில் பாடவாரியாக வருகையைப் பார்த்துவிடுங்கள். மொத்த சதவீதம் ஏமாற்றும். ஒரே ஒரு பாடத்தில் பிராக்டிகல் 78இல் நிற்பது அதில் தெரியாது.

இங்கே வருகை குறைவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: திங்கட்கிழமை. ஞாயிறு இரவு கிளம்பி விடியற்காலையில் மேட்டுப்பாளையம் வந்து சேரலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். மழைக்காலத்தில் குன்னூர் பாதையில் மரம் விழும், மண் சரியும். ஏப்ரல், மே சீசனில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. ஞாயிறு மதியத்துக்குள் மலையேறிவிட வேண்டும் என்று முதல் மாதமே சொல்லி வையுங்கள். ஊருக்குப் போவதையே தடுக்காதீர்கள். போகாமல் அறையிலேயே கிடக்கிற மாணவர்தான் கவலைக்குரியவர்.

6. குடும்பத் தத்தெடுப்பு: வீட்டு வாசலில் கற்றுக்கொடுப்பது

முதலாண்டிலிருந்தே ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களை ஏற்றுத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது பாடத்திட்டத்தில் இருக்கிறது. சமூக மருத்துவத் துறைதான் நடத்துகிறது என்று மென்ட்டர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு மாணவர் எப்படிப்பட்ட டாக்டராக வருவார் என்பதை நீங்கள் முதலில் பார்க்க முடிகிற இடம் இதுதான், ஒருமுறையாவது கூடப் போங்கள்.

நேரம் முதல் பிழை. காலை பதினோரு மணிக்கு எஸ்டேட் லைன் வீடுகளுக்கு (தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) போனால் பாட்டிகளும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள். மற்றவர்கள் காட்டில் இலை பறித்துக்கொண்டிருப்பார்கள். மாலையில் இலை எடை போட்டு முடிந்த பிறகோ, விடுமுறை நாளிலோதான் வீடு நிறையும். ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) முதலில் ஊர்ப் பெரியவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு நுழைய வேண்டும். தோடர் பழங்குடியினரின் மந்துகளில் (குடியிருப்புகளில்) கோயில் பக்கம் தானாகப் போகக் கூடாது, கேட்காமல் போட்டோ எடுக்கவும் கூடாது. கிராமச் செவிலியரோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளரோ கூட வந்தால் இதெல்லாம் எளிது. அவர்களுக்கு எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பது வரை தெரியும்.

இரண்டாவது பிழை ஸ்வெட்டர். ஒரு லைன் வீட்டில் பாட்டிக்கு பி.பி. பார்க்கும் மாணவரைக் கவனியுங்கள். பாட்டி இப்போதுதான் விறகோடு மேடேறி வந்திருப்பார். மாணவரும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். ஸ்வெட்டருக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, ஸ்டெதஸ்கோப்பை அதன் அடியில் செருகி, 170 என்று எழுதுவார். கையைத் தட்டாமல் நிறுத்துங்கள். பாட்டியை ஐந்து நிமிடம் உட்கார வைக்கச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசட்டும். ஸ்வெட்டரில் ஒரு கையை மட்டும் உருவி, சால்வையால் தோளை மூடி, கையை இதய மட்டத்தில் வைத்து மறுபடி பார்க்கட்டும். இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதச் சொல்லுங்கள். அந்த வித்தியாசத்தை எந்த வகுப்பும் இப்படிக் கற்றுத்தர முடியாது. வயிற்றைத் தொடும் முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குவதும் இதே பாடம்தான்.

மூன்றாவது பிழை, பார்த்ததும் அறிவுரை. கண் இமையை இழுத்துப் பார்த்து வெளிறியிருந்தால் உடனே கீரையும் பேரீச்சம்பழமும் சொல்லிவிடுகிறார்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களில் அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை நோய் உண்டு. மூட்டு வலி அடிக்கடி வருமா, கண் மஞ்சளாகுமா, ரத்தம் ஏற்றியதுண்டா, கூடப் பிறந்தவர்களுக்கு இருக்கிறதா என்று கேட்கப் பழக்குங்கள். பரிசோதனைக்கு அனுப்புவது யார் மூலம் என்பதையும் காட்டுங்கள். 2023இல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் இந்தப் பரிசோதனை நடக்கிறது. மாணவர் தானாக மாத்திரை எதையும் சொல்லக் கூடாது என்பதை வீட்டை விட்டு வெளியே வந்ததும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்தக் குடும்பத்தின் முன்னால் சொல்லாதீர்கள்.

7. வார்டு போஸ்டிங்: ஒரு முறை கூட நின்று பாருங்கள்

லாக் புக்கில் (மாணவர் செய்த வேலைகளைப் பதியும் நோட்டில்) கையெழுத்துப் போடுவதால் மாணவர் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. போஸ்டிங்குக்கு ஒரு முறை, பத்து நிமிடம், அவர் கேஸ் எடுப்பதை (நோயாளியிடம் நோய் விவரம் கேட்பதை) குறுக்கிடாமல் பாருங்கள். தன்னை மாணவர் என்று சொன்னாரா? நோயாளி "டாக்டர்" என்று கூப்பிட்டதும் அப்படியே இருந்துவிட்டாரா? திரை இழுத்தாரா? உட்கார்ந்து கேட்டாரா, கட்டில் கால்மாட்டில் நின்று கேட்டாரா?

அன்றே சொல்லுங்கள். நன்றாகச் செய்த ஒன்று, மாற்ற வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். "நல்லா பண்ணே" என்பதில் ஒன்றும் இல்லை. "இருமல் எவ்வளவு நாளா என்று கேட்டுவிட்டு அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாய், அது சரி, ஆனால் சளியில் ரத்தம் வந்ததா என்று கேட்கவே இல்லை" என்றால் மறக்காது.

கைபேசி பற்றித் தனியாகப் பேசுங்கள். பெயர் தெரியும் எக்ஸ்ரே படத்தை "அருமையான கேஸ்" என்று நண்பர்கள் குழுவில் போடுவதைத் தவறென்றே பலர் நினைப்பதில்லை. மாவட்டம் சிறியது. அந்தப் படத்துக்குரியவரின் மச்சான் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பார்.

இன்னொன்று, கேட்க யாருக்கும் பிடிக்காது. நாம் செவிலியரிடம் கத்துவதையும், மொழி புரியாத நோயாளியைப் பார்த்துச் சலித்துக்கொள்வதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரவுண்ட்ஸில் நடப்பதுதான் அவர்களுக்குப் பாடம். நன்னெறி வகுப்பு அதற்கு அப்புறம்தான்.

8. ஆள் மாறிப்போனால்

வழக்கமாக வரும் புதன்கிழமைக்கு வரவில்லை, குழுவில் பதில் இல்லை, மெஸ்ஸுக்கு வருவதில்லை, குளிப்பதில்லை, திடீரெனப் பொருட்களை மற்றவருக்குக் கொடுக்கிறார் என்றால் காத்திருக்காதீர்கள். தொடர்ந்து பனிமூட்டமும் மழையுமாக வெயிலே காணாத வாரங்களில் ஒவ்வொருவரையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

நேரடியாகக் கேளுங்கள்: "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே இறுக்கத்தைத் தளர்த்தும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். முகவரி சொல்லி அனுப்பாமல் நீங்களே மனநலத் துறைக்குக் கூட்டிப் போங்கள். இரவென்றால் வார்டனை எழுப்புங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416 எந்த நேரமும் எடுக்கும், தமிழில் பேசலாம்.

அங்கே கொண்டு சேர்த்த பிறகு நீங்கள் மறுபடி மென்ட்டர்தான். மனநல மருத்துவராக மாற முயலாதீர்கள். நீங்களே அந்தத் துறையாக இருந்தாலும் உங்கள் மென்ட்டீயை, அதாவது உங்கள் பொறுப்பிலுள்ள மாணவரை, இன்னொருவர் பார்க்கட்டும்.

9. சப்ளி (தோற்ற பாடத்துக்கு மறுதேர்வு) எழுத வேண்டிய மாணவர்

ரிசல்ட் வந்த அன்று அறிவுரை வேண்டாம். சாப்பிட்டாரா, வீட்டில் சொல்லிவிட்டாரா என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் சொல்லப் பயந்தால், அவர் போன் போடும்போது பக்கத்தில் இருங்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து, நாலாம் பகுதியில் சொன்னபடி மார்க்கைப் பிரித்துப் பார்த்துத் திட்டம் போடுங்கள். எத்தனை வாய்ப்பு மீதி என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பேட்ச்சை விட்டு விலகிப்போனது தோல்வியைவிட அதிகம் உறுத்தும். பழைய நண்பர்கள் அடுத்த ஆண்டு வகுப்பில், இவர் தனியே. உங்கள் மற்ற மென்ட்டீகளில் ஒருவரைக் கூடப் படிக்கச் சொல்வது இங்கே நிஜமாகவே பலன் தரும்.

10. மூன்றாம் ஆண்டுக்குப் பின்: ஆராய்ச்சியும் பி.ஜி.யும்

இப்போதுதான் எதிர்காலம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் குறுகிய கால மாணவர் ஆராய்ச்சித் திட்டம் ஒரு நல்ல தொடக்கம். இரண்டு மாத வேலை, ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக வேண்டும், நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். தலைப்பு சிறியதாக இருக்கட்டும். தேயிலைத் தொழிலாளர்களின் முதுகுவலி, லைன் வீடுகளில் விறகடுப்புப் புகை, நாய்க்கடிக்குப் பின் ஊசிகளை முழுதாகப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பது போல. வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் குன்னூரில் இருக்கும்போது கடைசித் தலைப்பை எடுக்க மாணவர்கள் யோசிப்பது எனக்கு ஆச்சரியம்தான். வேலை செய்தவர் பெயர் கட்டுரையில் முதலில் வர வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

பி.ஜி. பற்றி: எந்தத் துறை என்று நீங்கள் சொல்லாதீர்கள். ஒவ்வொரு போஸ்டிங் முடிவிலும் "இங்கே எந்த நாள் நேரம் போனதே தெரியவில்லை?" என்று கேட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போது அந்த வரிகளைப் படித்துக் காட்டினால் அவரே முடிவெடுப்பார். இரண்டாம் ஆண்டிலேயே கோச்சிங் செயலிக்குப் பணம் கட்டிவிட்டு வார்டுக்கு வராமல் இருப்பவரிடம் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு காட்டலாம்.

11. குறிப்பும் ஒப்படைப்பும்

ஒவ்வொரு சந்திப்புக்கும் மூன்று வரி: தேதி, பேசியது, அடுத்த முறைக்குள் செய்ய வேண்டியது. நோயின் பெயர், குடும்ப ரகசியம், காதலன் பெயர் எதுவும் நோட்டில் ஏறக் கூடாது. ஆய்வுக்கு வருபவர்கள் அந்த நோட்டைக் கேட்பார்கள்.

அரசுப் பணியில் மாறுதல் எப்போது வரும் என்று தெரியாது. வந்ததும் அடுத்த மென்ட்டருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், ஆனால் அனுப்பும் முன் அந்தப் பக்கத்தை மாணவரிடம் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்ற வரியை அவர் கண் முன்னே அடித்துவிடுங்கள். முடிந்தால் கடைசிப் புதன்கிழமை மூவருமாக ஒரு டீ குடித்து அறிமுகம் செய்துவைத்துவிட்டு, அடுத்த சந்திப்பின் தேதியைப் புதியவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.